தம்பி ரேஷன் கடைக்குள் போக ஆன ஒன்றரை வருடம்

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். வயது 27, சக்கர நாற்காலி, பேச்சு மெதுவாக வரும், ஆனால் வரும். எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் இரண்டு படி, ஒவ்வொன்றும் 7 அங்குலம். அந்த 14 அங்குலத்தைத் தாண்ட எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் நாங்கள் தெரியாமல் செய்த தப்புகளால் போனது, அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்து, ஊரில் ஏதாவது ஒன்று மாற வேண்டும் என்று நினைக்கிற யாருக்காவது அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும்.

முதலில் ஒன்று. நம் குடும்பங்களுக்குத் தெரிந்தது உதவி கேட்கிற மனுதான். "ஐயா, என் மகனுக்கு ஸ்கூட்டர் வேண்டும், உதவித்தொகை வேண்டும்." அது தப்பில்லை, அதுவும் உரிமைதான். ஆனால் அது ஒரு வீட்டோடு முடிந்துவிடும். ரேஷன் கடைப் படி அப்படி இல்லை, முட்டி வலிக்கிற பாட்டி, வயிற்றுப்பிள்ளைக்காரி, கால் உடைந்து கட்டுப்போட்டவர் எல்லோருக்கும் அது படிதான். இந்த இரண்டாவது வகை மனுவை எழுத நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை எழுதும்போது கெஞ்ச வேண்டியதில்லை என்பதே எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

என் முதல் மனு எப்படி இருந்தது தெரியுமா? "சமூகம் உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு" என்று தொடங்கி, தம்பி பிறந்த கதை, அப்பா இறந்த கதை, அம்மாவின் சர்க்கரை நோய் எல்லாம் ஒன்றேகால் பக்கம். கடைசி இரண்டு வரியில்தான் சாய்தளம், அதாவது படிக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி ஏறும் சரிவு வேண்டும் என்று கேட்டிருந்தேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தோம். உள்ளே அதிகாரி ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவர் எதுக்கும்மா ரேஷன் கடைக்குப் போகணும்? நீங்களே வாங்கிக்கலாமே?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தம்பி சொன்னான். அவனுக்கு ஒரு வாக்கியம் முடிய அரை நிமிடம் ஆகும். "நான்... எங்க போகணும்னு... நான்தான் சார் முடிவு பண்ணணும்." அதிகாரி அந்த அரை நிமிடம் காத்திருந்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். மனுவில் ஏதோ குறித்தார், எண் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்தோம். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதுதான் முதல் பாடம். நாங்கள் மனு கொடுத்தது சரியான இடம், ஆனால் அது அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று நாங்கள் எழுதவில்லை. மாற்றுத்திறனாளி என்ற சொல்லைப் பார்த்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு ரேஷன் கடையில் என்ன வேலை? வழங்கல் துறைக்கு அனுப்பினார்கள். கடையை நடத்துவது கூட்டுறவுச் சங்கம், எனவே கூட்டுறவுத் துறைக்குப் போனது. கட்டடம் எங்களுடையது இல்லை, ஊராட்சியுடையது என்று அவர்கள் எழுதினார்கள். பந்து மாதிரி சுற்றியது. ஒவ்வொருவர் சொன்னதும் உண்மை என்பதுதான் இதில் கொடுமை.

ஆகவே மனு எழுத உட்காரும் முன் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கட்டடம், அந்தச் சாலை, அந்தக் கழிவறை யாருடையது? ஊராட்சியா, நகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, பொதுப்பணித் துறையா? பல கட்டடங்களின் நெற்றியிலேயே எந்த நிதியில் எந்த ஆண்டு கட்டியது என்று கல்வெட்டு இருக்கும், போய்ப் படியுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

தகவல் மனு என்றதும் பயப்பட வேண்டாம். வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும். தமிழ்நாட்டில் இணையத்திலும் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. பதில் 30 நாளில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள உதவ வேண்டும் என்றும், புலன் குறைபாடு உள்ளவருக்குத் தகவல் எட்டும்படி உதவ வேண்டும் என்றும் அந்த 2005 சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் கேள்வி கேட்கும் விதம் முக்கியம். "ஏன் சாய்தளம் கட்டவில்லை?" என்று கேட்டால் "அவ்வாறான தகவல் ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏன் என்பது காகிதத்தில் இருக்காது அல்லவா? காகிதத்தில் இருப்பதைக் கேட்க வேண்டும். நான் கேட்டவை இவை: மேற்படி நியாயவிலைக் கடைக் கட்டடம் எந்த அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் உள்ளது, அந்தப் பக்கத்தின் நகல், அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்புள்ள அலுவலரின் பதவிப் பெயர், இத்தனாம் தேதி இத்தனாம் எண் மனு மீது தேதிவாரியாக எடுத்த நடவடிக்கையும் கோப்புக் குறிப்புகளின் நகலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 45ஆம் பிரிவின்படி இந்தக் கட்டடத்தை அணுகத்தக்கதாக மாற்ற எடுத்த நடவடிக்கையின் ஆவணம். நான்கே கேள்வி. 28ஆம் நாள் பதில் வந்தது. கட்டடம் ஊராட்சியின் சொத்து, பராமரிப்பும் ஊராட்சி. நான்காவது கேள்விக்கு மட்டும் பதில் "இல்லை".

அந்த "இல்லை" எங்களுக்குத் தங்கம். ஏன் என்று சொல்கிறேன். 2016 சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே கட்டிய பொதுக் கட்டடங்களை எல்லாம் விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுக்குள் எல்லோரும் போய்வரும்படி மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூன். கணக்குப் போட்டால் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இதை மனுவில் எழுதினால் தொனியே மாறிவிடுகிறது. நாம் சலுகை கேட்கவில்லை, அவர்கள் தவறவிட்ட கெடுவை நினைவுபடுத்துகிறோம். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களைச் செய்தால் நல்லது என்கிற அளவில் வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமான விதிகளை வகுக்கச் சொன்னது. அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மனுவைச் சட்டப் புத்தகம் ஆக்கிவிடாதீர்கள். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, ஒரு பிரிவு, இரண்டு போட்டோ. அப்பா இறந்த கதை வேண்டாம்.

இப்போது கிராம சபைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான், யாரும் அழைக்கத் தேவையில்லை.

இதில் ஒரு கிளைக்கதை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் தெருவிலேயே அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணுக்கு 31 வயதாகியும் பெயர் சேர்க்கவில்லை. "அவளுக்கு எதுக்கு ஓட்டு, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அம்மாவே சொன்னார். சட்டப்படி மனநலம் சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால்தான் பெயர் சேர்க்க முடியாது. மருத்துவச் சான்றிதழில் 75 சதவீதம் என்று இருப்பதால் வாக்கு போகாது. 18 வயதுக்குப் பிறகு ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் வாங்குகிற பாதுகாவலர் சான்றிதழும் நீதிமன்ற அறிவிப்பு கிடையாது. படிவம் 6 கொடுத்துப் பெயர் சேர்த்தோம். ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8-இல் மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் வாக்குச்சாவடியில் சக்கர நாற்காலி வேண்டும் என்பது அவர்கள் கணக்கில் வரும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்றால், தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம். தம்பி அதை வேண்டாம் என்றுவிட்டான். சாவடிக்கே போய் விரலில் மை வைத்துக்கொண்டு வர வேண்டுமாம், அதுவும் ஒரு நியாயம்தான்.

சாவடியில் ஒரு முகவர் "அக்கா, நீங்களே அழுத்திடுங்க" என்றார். இல்லை. பார்வை இல்லாதவரோ உடல் இயலாமையால் தானே வாக்குப் பதிய முடியாதவரோதான் துணைக்கு ஆள் அழைத்துப் போகலாம். அந்தத் துணை 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், அன்று ஒருவருக்கு மட்டுமே துணையாகப் போகலாம், ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். தம்பியால் பொத்தானை அழுத்த முடியும், கொஞ்சம் நேரம் ஆகும். நான் வெளியே நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

சரி, கிராம சபை. அக்டோபர் 2 அன்று போவதற்கு ஒரு வாரம் முன்பே மனுவை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கினோம். ஊராட்சிச் செயலர் முதலில் "நேர்ல வந்து சொல்லுங்க, போதும்" என்றார். போதாது. வாயால் சொன்னது காற்றோடு போகும். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிற காலத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஆள் மாறினாலும் காகிதம் அங்கேயே இருக்கும். கூட்டம் நடக்கிற இடத்துக்கு சக்கர நாற்காலி வருமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். காது கேளாதவர் வருவதாக இருந்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், மாவட்ட நல அலுவலகத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். கிடைக்காமலும் போகலாம். ஆனால் கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

பேசுவது யார் என்பது வீட்டுக்குள்ளேயே சண்டையாகிவிட்டது. நான் பேசினால் இரண்டு நிமிடம், தம்பி பேசினால் பத்து நிமிடம், கூட்டம் கலைந்துவிடும் என்று எனக்குப் பயம். "அக்கா, நீ சும்மா இரு" என்றான். நான்கு நாள் பயிற்சி செய்தான். சொல்ல வேண்டியதை ஆறு வாக்கியமாகச் சுருக்கிப் போனில் தட்டி வைத்துக்கொண்டான், எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்றுகூடக் குறித்துக்கொண்டான். அன்றைக்கு மைக்கை அவனிடம் கொண்டுபோய்ப் பிடித்தது எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். முதல் வாக்கியத்தில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது வாக்கியத்தில், "கடை அண்ணன்... வெளிய வந்து... பை குடுக்கிறார்... எடை சரியான்னு... நான் எப்படிப் பார்க்கிறது?" என்றான். பின்னாலிருந்து ஒரு பெண் "ஆமா, உள்ள போற எங்களுக்கே எடை சரியா இல்ல" என்று சத்தம் போட, கூட்டமே அவன் பக்கம் திரும்பிவிட்டது. நான் பேசியிருந்தால் இது நடந்திருக்காது. பெற்றோர்களுக்கு, அக்கா தங்கைகளுக்குச் சொல்கிறேன்: பேச முடிகிற அளவுக்கு அவர்களைப் பேச விடுங்கள். பேச்சே வராதவர் என்றால் படம் காட்டலாம், போன் குரல் கொடுக்கலாம், வெறுமனே அங்கே இருக்கலாம், இருப்பதும் பேச்சுதான். நமக்காக அவர்கள் காத்திருந்தது போதும்.

கைதட்டல் கேட்டதும் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்படும் வரை உட்காருங்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் தீர்மானத்தில் முதலில் "சாய்தளம் அமைக்கப் பரிசீலிப்பது" என்றுதான் எழுதியிருந்தார்கள். பரிசீலிப்பது வேண்டாம், அமைப்பது என்று எழுதுங்கள், எந்த நிதியில் என்றும் எழுதுங்கள் என்று நின்றோம். ஒரு சொல் மாற அரை மணி நேரம் ஆனது. பிறகு தீர்மான நகல் கேட்டு எழுதிக் கொடுத்தோம்.

மார்ச் மாதம் சாய்தளம் வந்தது. பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. 4 அடி நீளம். 14 அங்குல உயரத்துக்கு 4 அடி. சறுக்குமரம்தான் அது, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினால்கூட நாற்காலி பின்னுக்கு வந்தது. மழை பெய்தால் கால் உள்ளவரே வழுக்கி விழுவார்.

இங்கேதான் இரண்டாவது தப்பு. மனுவில் அளவு எழுதவில்லை. கணக்கு சுலபம்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். 14 அங்குலம் என்றால் 14 அடி. தெருவில் அத்தனை இடம் இல்லாவிட்டால் நடுவில் நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை, விளிம்பில் சக்கரம் இறங்காமல் சின்னத் தடுப்பு, கதவு குறைந்தது 90 செ.மீ. அகலம். பத்திரப்படுத்துங்கள் இந்த வரியை, அப்படியே மனுவில் போடுங்கள். ஒப்பந்தக்காரருக்கு நல்ல மனது இருந்தாலும் அளவு தெரியாது, மதிப்பீடு போடுகிற பொறியாளர் கேட்டதைத்தான் போடுவார். வேலை தொடங்கும் நாளில் டேப்போடு போய் நிற்பது நம் வேலை.

பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலை வரை போய்வர நிரந்தர நடைபாதை வேண்டும் என்று பல வருடம் போராடி, 2022 நவம்பர் 27-இல் 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். நம் ஊரில் புயல் வேண்டாம், ஒரு மணல் லாரி போதும். சாய்தளத்தின் மேல் இருசக்கர வாகனம் நிறுத்துவது இருக்கிறதே, அது புயலை விட மோசம். அதற்கும் ஒரு தடுப்புக் கம்பி கேளுங்கள்.

சறுக்குமரத்தைச் சரிசெய்யச் சொன்னால் "அதான் கட்டியாச்சே" என்றார்கள். வேலை முடிந்ததாகப் பதிவாகிவிட்டது. முதலமைச்சர் உதவி எண்ணான 1100-க்குப் போன் செய்து பதிவு செய்தோம், "கோரிக்கை நிறைவேற்றப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்து மூடிவிட்டார்கள். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். நாங்களும் இரண்டு மாதம் விட்டுவிட்டோம்.

மேலே போவதற்கு ஓர் ஆள் இருக்கிறார்: மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 2016 சட்டப்படி, உரிமை மறுக்கப்பட்டதாகப் புகார் வந்தால் விசாரிக்கலாம், அதற்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால் அந்த அலுவலகம் என்ன செய்தது என்று 3 மாதத்துக்குள் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். வக்கீல் தேவையில்லை. புகாரில் நாங்கள் வைத்தவை: முதல் மனு எண், தகவல் உரிமைப் பதில், கிராம சபைத் தீர்மான நகல், டேப் பிடித்து எடுத்த போட்டோ, நாற்காலி பின்னுக்கு வருகிற 20 விநாடி வீடியோ. பார்த்தீர்களா, ஒன்றரை வருடத்தில் சேர்த்த காகிதங்கள்தான் புகார். காகிதம் இல்லாமல் போயிருந்தால் மறுபடியும் அப்பா இறந்த கதைதான் எழுதியிருப்பேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த இரண்டாம் வாரம் பொறியாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தம்பியிடம் அளவு கேட்டார். டிசம்பரில் புதுச் சாய்தளம் முடிந்தது.

வழக்கு வரை போக வேண்டியிருந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும், 15100 அவர்களின் உதவி எண். யாராவது பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலோ மிரட்டினாலோ அது 92ஆம் பிரிவின் கீழ் குற்றம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எடுத்ததும் வீசாதீர்கள். ஊருக்குள் நாளைக்கும் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும்.

தனியாக இதைச் செய்யாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம், டிசம்பர் 3 இயக்கம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. முதலாவதன் பெயரிலேயே "பாதுகாப்போர்" இருக்கிறது பாருங்கள், குடும்பத்துக்கும் அங்கே இடம் உண்டு. ஆந்திராவில் 2024-இல் உதவித்தொகையை 6,000 ரூபாய் ஆக்கிய பிறகு இங்கேயும் அதே அளவு வேண்டும் என்று தெருவில் இறங்கியது இவர்கள்தான். சாலை மறியல் எல்லாம் எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள். இப்போது அப்படி நினைப்பதில்லை. சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது யாரும் மனமிரங்கியதால் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்றதால்தான். மனு, தெரு, நீதிமன்றம் மூன்றும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும். உங்கள் குணத்துக்கு எது ஒத்துவருமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மனு கொடுக்கிற பக்கம் மட்டுமே நிற்க வேண்டும் என்றும் இல்லை. அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோருக்கு முன்னுரிமை உண்டு. அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கழிவறைக் கதவைப் பற்றிப் பேசுங்கள், மதிய உணவுத் தட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். முன்னே சொன்னேனே, பாதுகாவலர் சான்றிதழ் தருகிற உள்ளூர்க் குழு, அதில் ஆட்சியரோடு ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பெரிய கதவு திறந்தது 2025 ஏப்ரலில். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த இரண்டு சட்டத் திருத்த மசோதாக்களை முதலமைச்சர் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அப்போது நகர்ப்புற உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் மாநிலம் முழுக்க 35 பேர்தான். திருத்தத்தால் நகர்ப்புறத்தில் சுமார் 650 இடம், 12,913 கிராம ஊராட்சி, 388 ஊராட்சி ஒன்றியம், 37 மாவட்ட ஊராட்சியில் இடம் என்று கணக்குச் சொன்னார்கள். எண்ணைப் பார்த்தாலே தெரியும், ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் தேவை. ஆள் தயாராக இருக்கிறாரா? விண்ணப்பம் கேட்கும் அறிவிப்பு வரும்போது நாள் குறைவாகத்தான் இருக்கும், 2025 ஜூலையில் நகர்ப்புறத்துக்குக் கேட்டது 1ஆம் தேதி முதல் 17ஆம் தேதி வரை. அதனால் மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID), வாக்காளர் அட்டை, முகவரிச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தம்பியின் ஒன்றில் இன்ஷியல் முன்னே, ஒன்றில் பின்னே. அதைத் திருத்தவே ஐந்து வாரம்.

ஒரு கவலையும் எனக்கு உண்டு. கட்சிக்காரர் ஒருவரின் சொந்தக்காரருக்கு அந்த இடம் போய், அவர் கூட்டத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார் என்றால் பயனில்லை. அந்த ஊரில் மாற்றுத்திறனாளிகள் ஏற்கெனவே பத்துப் பேராகக் கிராம சபையில் உட்கார்ந்து பழகியிருந்தால் அப்படி யாரையாவது உட்கார வைப்பது கஷ்டம். அதனால்தான் ரேஷன் கடைப் படியைப் பற்றி இத்தனை நீளமாகச் சொன்னேன்.

டேப் இப்போது தம்பியின் நாற்காலிப் பின்பையில்தான் இருக்கிறது. போன வாரம் கிளை நூலகத்துக்குப் போய் வந்தான். கழிவறைக் கதவு 68 செ.மீ. கட்டடம் யாருடையது என்று கேட்டு 10 ரூபாய் வில்லை ஒட்டிக்கொண்டிருக்கிறான்.